கனமான கவசம்தான் நல்ல கவசமா?



குடியரசு நாளன்று தில்லியில் நடைபெறும் அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இரும்புச் சங்கிலிப் பட்டைகளின்மேல் கடகடவென்று ஓடி வரும் வண்டியைக் கண்டதும், "அதோ டாங்கி!" என்று கூவியிருப்பீர்கள். ஆனால் சங்கிலிப் பட்டையில் ஓடுவன எல்லாம் டாங்கிகள் அல்ல. டாங்கியின் வேலை பெரிய பீரங்கியால் சுடுவது. வேறொரு வகை வண்டி உண்டு. அதன் முதல் வேலை படைவீரர்களை ஏற்றிக் கொண்டு போய், வேண்டிய இடத்தில் உயிரோடு இறக்கிவிடுவது. 'படைவீரர் கவச வண்டி' என்று அதைச் சொல்லலாம்.

இவ்வகை வண்டிகளுள் மிகவும் பெயர் பெற்றது அமெரிக்காவில் உருவான எம்-113. 1960ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படை இதனை ஏற்றுக் கொண்டது. எல்லா வகைகளையும் சேர்த்தால் 80,000க்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதனை வாங்கின. இத்தனை புகழ் பெற்ற வண்டியைப் பற்றி இன்றும் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சியார், "இது பொறியியல் அற்புதம்" என்பர். மற்றவர், "அலுமினியப் பெட்டிக்குள் ஆட்களை அடைத்துச் சாக அனுப்பினார்கள்" என்று குறை கூறுவர்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். இரு கட்சியாரும் கேள்வியைப் பாதியிலேயே நிறுத்தி விடுகின்றனர். "இது நல்ல வண்டியா?" என்பது முழுமையான கேள்வி அன்று. "எந்த வேலைக்கு நல்ல வண்டி?" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு சொல்லை விட்டு விட்டதால் உயிர்கள் போன வரலாறும் உண்டு. அதனைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

நடந்து போனவர்களின் தொல்லை

1916இல், முதல் உலகப் போரின் போது, பிரிட்டிஷார் முதன்முதலாக டாங்கியைக் களத்தில் இறக்கினர். முள்கம்பி வேலிகளை அது நசுக்கிக் கொண்டு சென்றது. துப்பாக்கிக் குண்டுகள் அதன் மேல் பட்டுத் தெறித்தன. ஆனால் அதன் பின்னால் நடந்து வந்த வீரர்களுக்கு என்ன பாதுகாப்பு? ஒன்றும் இல்லை. டாங்கி கடந்து போன இடத்தை அவர்களால் கடக்க இயலவில்லை. பிடித்த இடத்தில் நின்று காக்க ஆட்கள் வந்து சேராவிட்டால், டாங்கி மட்டும் முன்னேறிப் பயன் என்ன?

ஆட்களையும் இரும்புக் கூட்டுக்குள் வைத்து ஏற்றிச் செல்லலாமே என்ற எண்ணம் அப்போது பிறந்தது. 1918இல் பிரிட்டிஷார் 'மார்க் 9' என்னும் வண்டியைச் செய்தனர். ஏறத்தாழ 27 டன் எடை. 30 பேர் உள்ளே இருக்கலாம். நெருக்கி அடைத்தால் 50 பேர். கவசத்தின் தடிமன் 1 செ.மீ. எஞ்சினும் ஆட்களும் ஒரே அறையில் இருந்ததால் உள்ளே வெப்பமும் புகையும் தாங்க முடியாதபடி இருந்தன. குண்டிலிருந்து காப்பாற்ற வந்த பெட்டியே மூச்சுத் திணற வைத்தது. போர் முடிவதற்குள் ஒரு சில வண்டிகளே முடிக்கப்பட்டன. ஆயினும், ஆட்களை ஏற்றிச் செல்வதற்கென்றே செய்யப்பட்ட முதல் கவச வண்டி இதுதான்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரும் அமெரிக்கரும் அரைச்சங்கிலி வண்டிகளைப் பயன்படுத்தினர். முன்னால் லாரிச் சக்கரம். பின்னால் சங்கிலிப் பட்டை. பக்கங்களில் மெல்லிய இரும்புத் தகடு. மேலே திறந்த வானம். மேலிருந்து விழும் குண்டுச் சிதறல்களுக்கு அங்கே தடை இல்லை.

1944 ஆகஸ்டு மாதத்தில், பிரான்சின் நார்மண்டியில் போரிட்ட கானடாப் படைத் தளபதி கை சைமண்ட்ஸ் ஒரு வழி கண்டார். 'பிரீஸ்ட்' என்ற பெயருடைய சுயமாக ஓடும் பீரங்கி வண்டிகள் அவரிடம் இருந்தன. அவற்றிலிருந்து பீரங்கிகளைக் கழற்றி, அவை இருந்த ஓட்டையை இரும்புத் தகடுகளால் அடைத்து, ஆட்களை ஏற்றச் செய்தார். களத்துப் பட்டறையில் ஒரு வாரத்துக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் இவ்வாறு மாற்றப்பட்டன. ஆகஸ்டு 7ஆம் நாள் இரவு தொடங்கிய தாக்குதலில் வீரர்கள் இவற்றில் ஏறிச் சென்றனர். 'கங்காரு' என்று இவற்றுக்குப் பெயர். குட்டியைப் பையில் சுமந்து செல்லும் விலங்கின் பெயர் எவ்வளவு பொருத்தம், பாருங்கள்!

ஒரு சிறு கணக்கு

"இவ்வளவு தொல்லை எதற்கு? தடித்த எஃகினால் பெரிய பெட்டி ஒன்று செய்துவிட்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள்.

5 மீட்டர் நீளம், 2½ மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள ஒரு பெட்டியை எண்ணிக் கொள்ளுங்கள். அதன் ஆறு பக்கங்களின் மொத்தப் பரப்பு 55 சதுர மீட்டர். அதனை 1 செ.மீ. தடிமனுள்ள எஃகுத் தகட்டால் செய்தால், எஃகின் பருமன் 0.55 கன மீட்டர். ஒரு கன மீட்டர் எஃகின் எடை 7.85 டன். ஆகவே பெட்டியின் எடை ஏறத்தாழ 4.3 டன். 1 செ.மீ. எஃகு சாதாரணத் துப்பாக்கிக் குண்டையும், வெடித்த குண்டின் சிதறல்களையும் தடுக்கும். பீரங்கிக் குண்டைத் தடுக்காது. அதற்காகத் தடிமனை 10 செ.மீ. ஆக்கினால் எடை 43 டன்! இன்னும் எஞ்சின் வைக்கவில்லை, சங்கிலி மாட்டவில்லை, ஒரு ஆள்கூட ஏறவில்லை.

எடை கூடினால் பெரிய எஞ்சின் வேண்டும். பெரிய எஞ்சினுக்கு இடம் வேண்டும். இடத்துக்காகப் பெட்டியைப் பெரிதாக்கினால் கவசத்தின் பரப்பும் கூடும். எடை மறுபடியும் ஏறும். அந்த எடையைத் தாங்கும் பாலம் கிடைக்க வேண்டும். சேற்று நிலத்தில் அமிழாமல் ஓட வேண்டும். ஆகவே கவச வண்டியை வடிவமைப்பவர், "எவ்வளவு பாதுகாப்புத் தரலாம்?" என்று மட்டும் கேட்பதில்லை. "அதற்காக எதை விட்டுக் கொடுப்பது?" என்றும் கேட்கிறார். இரண்டாவது கேள்விக்கு நேர்மையாக விடை காண்பதில்தான் அவர் திறமை இருக்கிறது.

பழத்தோட்டத்திலிருந்து போர்க்களத்துக்கு

எம்-113ஐச் செய்த கம்பெனியின் கதை சுவையானது. 1883ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஜான் பீன் என்பவர் பழ மரங்களுக்குப் பூச்சி மருந்து தெளிக்கும் பம்பு ஒன்றைச் செய்தார். அதிலிருந்து வளர்ந்த நிறுவனம், பழங்களையும் காய்கறிகளையும் டின்களில் அடைக்கும் எந்திரங்களையும் செய்யத் தொடங்கிப் பின்னர் 'உணவு எந்திரக் கழகம்' என்று பெயர் பெற்றது. எஃப்.எம்.சி. என்பது அதன் சுருக்கம்.

இந்த நிறுவனம் போர் வண்டிக்கு எப்படி வந்தது? அதற்கு இன்னொரு கதை. 1928இல் புளோரிடா மாநிலத்தைத் தாக்கிய சூறாவளியில் 2,500 பேருக்குக் குறையாமல் மாண்டனர். சதுப்பு நிலங்களில் சிக்கியவர்களைப் படகில் சென்றும் மீட்க முடியவில்லை; மோட்டார் வண்டியில் சென்றும் முடியவில்லை. டொனால்டு ரோப்ளிங் என்பவர் இதற்கு வழி தேடினார். நியூயார்க்கின் புகழ் பெற்ற புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்த பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கின் பேரன் இவர். நீரிலும் நிலத்திலும் ஓடக்கூடிய 'அலிகேட்டர்' என்னும் மீட்பு வண்டியை 1935இல் செய்தார். அதன் உடலை அவர் அலுமினியத்தால் அமைத்தார் என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

1937இல் ஒரு பத்திரிகையில் இதன் படத்தைக் கண்ட அமெரிக்கக் கடற்படை வீரர்கள், கடலிலிருந்து கரையேற ஏற்ற வண்டி இது என்று உணர்ந்தனர். அதனைப் போர்க்கால அளவில் செய்து கொடுக்கும் வேலை எஃப்.எம்.சி.யிடம் வந்தது. இவ்வாறு உயிர்களை மீட்பதற்காகப் பிறந்த வண்டி போருக்குப் போயிற்று. பம்பு செய்த தொழிற்சாலை, சங்கிலிப் பட்டை வண்டி செய்யக் கற்றுக் கொண்டது.

அலுமினியம் ஏன்?

போருக்குப் பின் அமெரிக்கா, மேலும் மூடிய முழுக் கவச வண்டிகளைச் செய்தது. 1950களின் தொடக்கத்தில் வந்த எம்-75 எஃகு வண்டி. எடை 18 டன்னுக்கு மேல், விலையும் அதிகம், நீரில் மிதக்காது. அடுத்து வந்த எம்-59 மிதந்தது, விலையும் குறைவு. ஆனால் எடை 19 டன். அதனை இழுக்க வைத்த இரண்டு லாரி எஞ்சின்களுக்குப் போதிய வலிமை இல்லை.

படைத்துறை கேட்டது இது: வண்டி விமானத்தில் ஏற வேண்டும், பாராசூட்டில் இறக்கத் தக்கதாக இருக்க வேண்டும், ஆற்றை நீந்திக் கடக்க வேண்டும், துப்பாக்கிக் குண்டையும் சிதறலையும் தடுக்க வேண்டும். எஃகினால் ஒரு மாதிரி வண்டியும் அலுமினியத்தால் ஒரு மாதிரி வண்டியும் செய்து பார்த்தனர். அலுமினியமே வென்றது. ஏன் என்று பார்ப்போம்.

"அலுமினியம் இலேசான உலோகம், அதனால்தான்" என்று நீங்கள் விடை சொல்லக் கூடும். அது பாதி விடையே. குண்டைத் தடுக்க 1 செ.மீ. எஃகு இருக்கும் இடத்தில், அலுமினியம் சுமார் 3 செ.மீ. தேவைப்படுகிறது. அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே கவசத் தகட்டின் எடையில் அநேகமாக இலாபமே இல்லை! அப்படியானால் எடை எங்கே குறைந்தது?

உங்கள் மர அடிக்கோலை எடுங்கள். அதனைப் படுக்கையாக வைத்து இரு முனைகளையும் பிடித்து வளையுங்கள், எளிதில் வளையும். செங்குத்தாகத் திருப்பி, விளிம்பு மேலே இருக்குமாறு வைத்து வளைக்க முயலுங்கள், வளையாது. மரம் அதே மரம். வளையும் திசையில் அதன் தடிமன் மட்டுமே மாறியது. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. தடிமன் 3 மடங்கானால் விறைப்பு 3×3×3, அதாவது 27 மடங்கு. எஃகோடு ஒப்பிட்டால் அலுமினியம் இயல்பில் மூன்றில் ஒரு பங்கு விறைப்பே உடையது. எனவே 27ஐ 3ஆல் வகுக்க, 9 மடங்கு. ஒரே எடையுள்ள எஃகுத் தகட்டைவிட அலுமினியத் தகடு ஏறத்தாழ 9 மடங்கு விறைப்பானது!

எஃகுப் பெட்டியின் மெல்லிய தகடுகள் வளையாமல் இருக்க உள்ளே சட்டங்களும் விட்டங்களும் கொடுத்துத் தாங்க வேண்டும். அலுமினியப் பெட்டிக்கு அவை பெரும்பாலும் தேவையில்லை. தகடே சட்டம், சட்டமே கவசம். எடை குறைந்தது அங்கேதான். சிறிதளவு மக்னீசியமும் மாங்கனீசும் சேர்த்த, நன்றாகப் பற்றவைக்கக் கூடிய கலப்பு உலோகம் இதற்குப் பயன்பட்டது. விளைவு: எம்-75இன் 18 டன் எங்கே? எம்-113இன் 10½ டன் எங்கே? எட்டாம் வகுப்புக் கணக்கில் வரும் மும்மடி, ஒரு வண்டியை விமானத்தில் ஏற்றிவிட்டது.

வண்டிக்குள் போவோம்

எம்-113ன் நீளம் 4.86 மீட்டர், அகலம் ஏறத்தாழ 2.7 மீட்டர். முன்புறம் வலப்பக்கத்தில் எஞ்சின், இடப்பக்கத்தில் ஓட்டுநர். எஞ்சினை முன்னால் வைத்ததால் பின்புறம் முழுவதும் காலியாக இருக்கிறது. பின்சுவர் முழுவதும் ஒரு பலகைபோலச் சாய்ந்து இறங்கித் தரையைத் தொடும். வீரர்கள் வண்டியின் மறைவிலேயே இறங்கலாம். நடுவில் வண்டித் தலைவர். அவர் தலைக்கு மேல் ஒரு கனமான இயந்திரத் துப்பாக்கி. பின்னறையில் இருபுறமும் பெஞ்சுகளில் ஐவர் ஐவராகவும், நடுவில் ஒருவராகவும் 11 வீரர்கள். ஆக மொத்தம் 13 பேர்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து சக்கரங்கள். வழக்கமான சுருள்வில்லுக்குப் பதிலாக, ஒவ்வொரு சக்கரத்துக்கும் வண்டியின் அடியில் குறுக்கே ஓர் எஃகுத் தண்டு உண்டு. சக்கரம் மேட்டில் ஏறும்போது தண்டு முறுக்கிக் கொள்ளும். இறங்கியதும் முறுக்கு அவிழ்ந்து சக்கரத்தைப் பழைய இடத்துக்குத் தள்ளும். சாலையில் மணிக்கு 64 கி.மீ. வேகம் வரை இது ஓடும்.

இனி நீந்துவதைப் பார்ப்போம். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நினைவிருக்கிறதல்லவா? 10.4 டன் எடையுள்ள பொருள் மிதக்க வேண்டுமானால் 10.4 கன மீட்டர் நீரை விலக்க வேண்டும். நம் கணக்குப் பெட்டியின் அடிப்பரப்பு 12½ சதுர மீட்டர். 10.4ஐ 12.5ஆல் வகுத்தால் 0.83 மீட்டர். அவ்வளவு ஆழம் அமிழ்ந்து பெட்டி மிதக்கும். உண்மையான வண்டியில் சங்கிலியும் சக்கரமும் இருக்கும் இடத்தில் நீர் புகுந்து கொள்வதால் அது இதைவிட ஆழமாக அமிழும். மேற்பகுதி சிறிதளவே வெளியே தெரியும். முன்புறத்துப் பலகை ஒன்றை நிமிர்த்தி அலையைத் தடுப்பர். உட்புகும் நீரைப் பம்பு வெளியேற்றும். உந்துவதற்குத் தனி விசிறி இல்லை. சங்கிலிப் பட்டைகளே துடுப்புப் போல நீரைத் தள்ளும். மணிக்கு 5.8 கி.மீ. வேகம். நீங்கள் விரைந்து நடக்கும் வேகம்தான்!

வயல்வெளியில் ஒரு பாடம்

1962இல் இவ்வண்டிகள் தென் வியட்நாம் படைக்குக் கொடுக்கப்பட்டன. மேகாங் ஆற்றுப் படுகை நம் காவிரிப் படுகையைப் போல நெல் விளையும் நிலம். லாரிகள் நுழைய முடியாத சேற்று வயல்களில் எம்-113 தடையின்றி ஓடியது. எதிர்த்தவர்களிடம் இதனைத் தடுக்கும் ஆயுதம் அதிகம் இல்லை. தொடர்ந்து வெற்றி. மெல்ல மெல்ல ஒரு மயக்கம் பிறந்தது: ஆட்களை ஏற்றிச் செல்லும் பெட்டியை, தாக்கும் டாங்கியாகவே எண்ணத் தொடங்கினர்.

1963 ஜனவரி 2ஆம் நாள் ஆப் பாக் என்ற சிற்றூரில் அந்த மயக்கம் கலைந்தது. குறுக்கே கால்வாய்கள் இருந்தன. நீரில் மிதப்பது எளிது; வழுக்கும் செங்குத்தான கரையில் ஏறுவது எளிதன்று. மணிக்கணக்கில் தாமதமாயிற்று. வண்டிகள் ஒன்றாகச் சேர்ந்து வராமல் ஒவ்வொன்றாக வந்து, நன்கு பதுங்கியிருந்தவர்களை நோக்கி நேராக முன்னேறின. மேலிருந்த இயந்திரத் துப்பாக்கியைச் சுடுபவர் இடுப்புக்கு மேல் வெளியே நிற்க வேண்டும். அவரைச் சுற்றி ஒரு தகடுகூட இல்லை. அன்று அவ்வாறு நின்று சுட்டவர்களில் 14 பேர் மாண்டனர்.

இதில் கவசம் தோற்றதா? இல்லை. குண்டுகள் அலுமினியச் சுவரைத் துளைத்ததால் அவர்கள் சாகவில்லை. சுவருக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டதால் இறந்தனர். பிறகு துப்பாக்கியைச் சுற்றித் தடுப்புத் தகடுகள் பொருத்தினர். முதலில் மூழ்கிப் போன கப்பல்களின் தகடுகளை வெட்டி மாட்டினர். அவை மென்மையான எஃகு. குண்டு துளைத்துச் சென்றது. பின்னர்ப் பழுதான கவச வண்டிகளின் தகடுகளை எடுத்து மாட்டினர். எல்லா எஃகும் கவசம் ஆகாது என்ற பாடத்தையும் அவர்கள் விலை கொடுத்தே கற்றனர்.

அடுத்து வந்தது கண்ணிவெடி. எம்-113ன் அடித்தட்டு தட்டையானது, கவசத் தகடுகளிலேயே மெல்லியது, 3 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. மண்ணுக்குள் புதைத்த வெடி அடியில் வெடித்தால் அதிர்ச்சி முழுவதும் உள்ளே இருப்பவர்களைத் தாக்கும். அதனால் வீரர்கள் உள்ளே அமர மறுத்து வண்டியின் கூரைமேல் ஏறி உட்கார்ந்து சென்றனர். கவச வண்டியில் கவசத்துக்கு வெளியே பயணம்! தரையில் மணல் மூட்டைகளைப் பரப்பினர். பின்னர் அடியில் கூடுதல் தகடுகளும் வந்தன.

முதல் வண்டிகளில் இருந்தது பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் ஆவி சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பற்றும். டீசல் 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடான பின்னரே அவ்வாறு பற்றும். 1964 முதல் டீசல் எஞ்சின் பொருத்திய வண்டி வந்தது. தீ அபாயம் குறைந்தது. ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் ஓடும் தொலைவும் 320 கி.மீ.யிலிருந்து 480 கி.மீ. ஆயிற்று.

யார் பக்கம் நியாயம்?

இனி என் கருத்துக்கு வருகிறேன். வண்டியைப் பழிப்பவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. கண்ணிவெடி வியட்நாமில் கண்டுபிடிக்கப்பட்டதன்று. முன்னைய போரிலேயே அறிந்ததுதான். தட்டையான மெல்லிய அடித்தட்டு ஆபத்தானது என்பதை முன்கூட்டியே எண்ணியிருக்கலாம். துப்பாக்கி சுடுபவருக்கு ஒரு தகடு வைக்க 14 உயிர்கள் போக வேண்டியதில்லை. இந்தக் குறைகளை நான் மறைக்க விரும்பவில்லை.

ஆயினும், "இன்னும் கனமாகச் செய்திருக்க வேண்டும்" என்று அவர்கள் முடிப்பதை என்னால் ஒப்ப முடியவில்லை. 19 டன் வண்டி அந்த வயலில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சேற்றில் சிக்கி நின்றிருக்கும்; நிற்கும் வண்டி எளிதான குறி. இலேசாக இருந்ததுதான் பல இடங்களில் உள்ளிருந்தவர்களைக் காத்தது.

வண்டியைப் போற்றுபவர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. அவர்கள் வேகத்தையும் எண்ணிக்கையையும் அடுக்குவார்கள். "எதற்காகச் செய்தது?" என்பதை மறந்து விடுவார்கள். ஆட்களை அபாயத்தின் விளிம்பு வரை கொண்டு சென்று இறக்கிவிட்டு விலகி நிற்பதற்காகச் செய்த பெட்டி இது. பீரங்கிக்கு எதிரே நேராகச் செல்லும்படி அதனை அனுப்பியவர்கள், வடிவமைத்தவர் எழுதாத ஓர் உறுதிமொழியை அதன்மேல் எழுதினார்கள். அதற்கான விலையை, உங்களைவிட நான்கைந்து வயதே மூத்த இளைஞர்கள் செலுத்தினார்கள்.

பின்னாளில் வேறு முடிவு எடுத்தவர்களும் உண்டு. நகரத் தெருக்களில் ஏவுகணைக்கு எதிரே செல்ல வேண்டும் என்று எண்ணிய இஸ்ரேல், டாங்கியின் உடலையே அடிப்படையாகக் கொண்டு 'நமேர்' என்ற வண்டியைச் செய்தது. எடை ஏறத்தாழ 60 டன். அது ஆற்றை நீந்தாது. அமெரிக்கப் படை 2007இல் எம்-113 வாங்குவதை நிறுத்தியது. அதன் இடத்துக்கு வரும் புதிய வண்டி 2023இல் படைக்கு வழங்கப்படத் தொடங்கியது. அதன் எடை 30 டன்னைத் தாண்டும். பாதுகாப்பு மிகக் கூடியிருக்கிறது. நீந்தும் திறன் போய்விட்டது. ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுத்தனர். அதே சமயம், 2022 ஏப்ரலில் அமெரிக்கா 200 எம்-113 வண்டிகளை உக்ரைனுக்குத் தருவதாக அறிவித்தது. அறுபது ஆண்டுகள் கழித்தும், காயமுற்றவரை ஏற்றி வரவும், ஆட்களைக் கொண்டு சேர்க்கவும் அந்த எளிய பெட்டிக்கு வேலை இருக்கிறது.

இன்னொரு வேலையும் அது செய்தது. அமெரிக்காவின் கென்னடி விண்வெளி நிலையத்தில், ராக்கெட் ஏவு தளத்துக்கு அருகே பல ஆண்டுகள் எம்-113 வண்டிகள் காத்து நின்றன. ராக்கெட்டில் தீப்பற்றினால், விண்வெளி வீரர்கள் கம்பியில் தொங்கும் கூடைகளில் சறுக்கி இறங்கி, இவ்வண்டியில் ஏறித் தப்பிக்க வேண்டும். விண்வெளி ஓடத்தில் செல்ல இருந்தவர்கள் பயணத்துக்கு முன் இதனை ஓட்டிப் பழகினார்கள். சூறாவளியில் சிக்கியவர்களை மீட்கப் பிறந்த வண்டியின் வழித்தோன்றல், போருக்குப் போய், மறுபடியும் மீட்பு வேலைக்கு வந்து நின்றது. சிதறலும் நெருப்பும் எதிர்ப்பட்டால் ஒரு சில நிமிடங்கள் ஆட்களைக் காத்து அப்பால் கொண்டு செல்வதுதான் அங்கே வேலை. அந்த வேலைக்கு அந்தப் பெட்டி முற்றிலும் பொருத்தம்.

நீங்கள் முடிவு செய்யுங்கள்

நாளை உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். போர் வண்டி செய்யாவிட்டாலும், பாலமோ படகோ வெள்ளத்தில் செல்லும் மீட்பு வண்டியோ செய்வீர்கள். வேறு சிலர் அவற்றைப் பயன்படுத்த ஆணையிடும் பதவிக்கு வருவீர்கள். செய்பவர், "இது இன்ன வேலைக்கு மட்டுமே" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆணையிடுபவர் அதனைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் உள்ளே இருப்பவர் உயிருக்கு ஆபத்து.

கடைசியாக ஒரு கணக்குத் தருகிறேன். நம் கணக்குப் பெட்டியின் அடித்தட்டில் மட்டும் கூடுதலாக 2 செ.மீ. எஃகுத் தகடு ஒன்றைப் பொருத்துங்கள். எடை எவ்வளவு கூடும்? நீரில் எத்தனை செ.மீ. அதிகம் அமிழும்? முதல் விடை ஏறத்தாழ 2 டன். இரண்டாவது ஏறத்தாழ 16 செ.மீ. என்று வரும். முன்பே விளிம்பு வரை அமிழ்ந்து மிதக்கும் வண்டிக்கு 16 செ.மீ. பெரிது. தகட்டைப் பொருத்தினால் கண்ணிவெடியிலிருந்து 13 பேருக்குப் பாதுகாப்புக் கூடும். ஆனால் ஆற்றில் இறங்கினால் அவர்கள் மூழ்கக் கூடும்.

தகட்டைப் பொருத்தலாமா, வேண்டாமா? விடை சொல்லும் முன் நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இந்த வண்டி எங்கே போகப் போகிறது?" அதைக் கேட்டுவிட்டீர்கள் என்றால் இக்கட்டுரையை எழுதியதன் பயனை நான் பெற்றுவிட்டேன்.